பொன்துகளின் நிறம் அறிந்தவருக்கு

பொன்னையும் ஒளியையும் பொருத்திப் பார்த்த பேரறிவே! கணிப்பொறிக்குள் கனல் மூட்டி, மெய்யுலகில் நோயை எரித்த மேன்மையே! முப்பத்தோராண்டு எங்கள் கணிப்பாய்வுக் கூடத்தை நடத்திச் சென்று இன்று ஓய்வு கொள்ளும் தலைவரே, அம்மா, வணக்கம்!

தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத பொன்துகள்களைப் புற்றுக்கட்டிக்குள் செலுத்தி ஒளி பாய்ச்சினால், துகள்கள் சூடாகும். கட்டி வெந்து மடியும். எந்த அளவுத் துகள், எவ்வளவு ஒளி, எத்தனை டிகிரி என்று ஊசி போடுமுன்பே கணித்துச் சொல்வது நம் வேலை. ஒரு கணக்கு ஓடி முடிய நான்கு நாள் ஆகும். நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டு நிற்போம். "பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்காதீங்க. அது பாட்டுக்குப் பெத்துப் போடும், போய்ச் சாப்பிடுங்க" என்று விரட்டுவீர்கள்.

உங்கள் நற்குணங்களை அடுக்க இந்தத் தாள் போதாது. ஒன்றை மட்டும் எழுதுகிறோம்.

இரண்டாண்டுக்கு முன், முதல் நோயாளிக்கு நாள் குறித்தாயிற்று. முந்தைய நாள், துகள் கரைசல் இருந்த குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். "கணக்குப்படி இது ஊதா பக்கம் சாயணும். சிவப்பால்ல இருக்கு?" என்றீர்கள். தேடினோம். நிரல் கேட்டது துகளின் ஆரம், கொடுத்திருந்தது விட்டம். கணக்கில் துகள் இருமடங்காகிவிட்டது; பெருத்த பொன்துகளுக்குத்தான் ஊதா, சிறியதற்குச் சிவப்பு. கணக்கு சொன்ன சூடு அத்தனையும் பொய். அந்த ஒளிக்குக் கட்டி சாகாது.

மருத்துவமனையை அழைத்து ஊசியை நிறுத்தினீர்கள். விசாரணைக் கூட்டத்தில், "தப்பு என்னோடது" என்றீர்கள். குறிப்பேட்டில் உங்கள் பெயரில் பதிவாயிற்று. உங்களுக்கு வரவேண்டிய இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

விட்டத்தை எழுதியவன் நான், இம்மடலை வாசிப்பவன். என் மனைவி இறந்து இரண்டாம் வாரம் அது. அதைக் காரணமாகச் சொல்ல வரவில்லை. கூட்டத்துக்கு முன்பு உங்கள் அறைக்கு வந்து, நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "நான் பாத்துக் கையெழுத்துப் போட்ட கணக்கு. அப்ப அது என்னோடதுதான். நீ உக்காருப்பா. சரியானதைப் போட்டு மறுபடி ஓட்டு" என்றீர்கள். ஓட்டினேன்.

ஐந்து வாரம் கழித்து அதே நோயாளிக்கு ஊசி போட்டார்கள். கருவி காட்டிய வெப்பத்துக்கும் நம் கணக்குக்கும் இடைவெளி அரை டிகிரி! கட்டி மடிந்தது, ஓரத்துச் சதையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. இதுவரை நாற்பத்திரண்டு பேர். முதலாமவர் இதோ, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அம்மா, ஒன்றில் மட்டும் உங்களை மறுக்கிறோம். அந்தத் தப்பு உங்களுடையதன்று. இன்று காலை என் பெயரில் எழுதிக் கொடுத்தேன், கூடத்தார் அனைவரும் கையெழுத்திட்டனர், இயக்குநர் சான்றொப்பமிட்டார். குறிப்பேடு திருத்தப்பட்டுவிட்டது. எங்களைக் கேட்காமல் நீங்கள் ஏற்றுக்கொண்டதை, உங்களைக் கேட்காமல் நாங்கள் இறக்கி வைத்தோம்.

கண்ணும் கையும் சோராமல், காலம் நீண்டு, களங்கமற்ற பெயரோடு வாழ்க!

என்றும் உங்கள்,
கணிப்பாய்வுக் கூடத்தார் பதினொருவர்