நாகபூசணி அக்காவும் மேசையில் இருக்கிற சுவீடன் கேக் பெட்டிகளும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற பெரியவர் கோபாலசிங்கம் அண்ணை அவர்களே! மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் இருக்கிற மகேந்திரராசா அண்ணை அவர்களே! தாயைப் பறிகொடுத்த துசானி பிள்ளையே! கிழமையில் கிடைக்கிற ஒரு முழு லீவையும் விட்டுவிட்டு வந்திருக்கிற என் சொந்தங்களே, மொரீசியஸ் உறவுகளே! எல்லோருக்கும் இந்த ஞானாம்பிகையின் வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் தப்பிப் பிழைத்தது. இதற்கு முன் கதைத்த எல்லோரும் எழுதி வைத்து வாசித்தார்கள். எனக்கு எழுதினாலும் வாசிக்க வராது, அதனால் மனதில் இருக்கிறதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. அருளையா தம்பி, அந்த மேசையிலிருந்து கையை எடுங்கோ! நான் இறங்கும் வரைக்கும் அந்தப் பெட்டிகளை ஒருவரும் தூக்கக் கூடாது.

என்ன பெட்டிகள் என்று பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கட நாகபூசணி அக்கா வேலை செய்த வீட்டு அம்மா, சுவீடன்காரி, சிஞ்ஞோரா குன்வோர், இதோ இரண்டாவது வரிசையில் கறுப்புச் சட்டையோடு இருக்கிறா. அவதான் இந்தத் துக்கக் கூட்டத்துக்குக் கேக்கும் பிஸ்கற்றும் செய்து, நூல் கட்டி, பெட்டி பெட்டியாய்க் கொண்டு வந்திருக்கிறா. செத்த வீட்டிலே இனிப்பா என்று சபை கொதிக்குது. கூட்டம் முடிந்ததும் பெட்டிகளும் வெளியே, அந்த மனுசியும் வெளியே, துசானி இனி, தாயோடு கேக் அடித்த அந்த மனுசி வீட்டுக் குசினிப் படி மிதிக்க மாட்டாள் என்று மகேந்திரராசா அண்ணை வாசலில் வைத்தே சொல்லிவிட்டார். சிஞ்ஞோராவுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் எங்கட முகம் விளங்காதா? வந்த நேரம் தொட்டு அவ அந்தக் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருக்கிறா.

நேரமாகுது என்று தலைவர் சைகை காட்டுறார். ஓம் அண்ணை, தெரியுது. இவ்வளவு நேரமும் உங்கட பேச்சை நாங்கள் பொறுத்தோம், என்ரையைக் கொஞ்சம் பொறுங்கோ.

எங்கள் மகளிர் குழுத் தலைவி நாகபூசணி! இந்த இத்தாலிப் பாலேர்மோவில் தரை துடைக்கத் தெரிந்த தமிழிச்சிகள் எத்தனை பேர்! சுவீடன் கேக் அடிக்கத் தெரிந்த தமிழிச்சி எத்தனை பேர்? ஒருத்தி! அந்த ஒருத்திதான் படமாய் இருக்கிறா.

துடைக்கப் போன வீட்டில் அக்கா எப்படிக் குசினிக்குள் போனா தெரியுமா? மணத்துக்குப் போனா. சிஞ்ஞோரா தாயிடம் பழகின இனிப்புப் பணிஸ் சுட்டுக்கொண்டு நின்றாவாம். அக்கா துடைப்பானோடு கதவடியில் நின்று, "ஏலக்காய்!" என்று கத்தினாவாம். சுவீடன்காரர் பாணுக்குள்ளே ஏலக்காய் போடுகிற சனம். அக்கா தூளை முகர்ந்து பார்த்துவிட்டு, இது செத்துப்போன தூள் என்று சொல்லி, அடுத்த நாள் பல்லரோச் சந்தையில் எங்கட கடையில் பச்சை ஏலக்காய் வாங்கிக் கொண்டுபோய் உரலில் இடித்துக் கொடுத்தா. சிஞ்ஞோரா ஒரு பணிஸ் தின்றுவிட்டு, தன் தாய்க்குப் பிறகு இந்த மணம் இப்பதான் வருகுது என்று அழுதாவாம். அக்கா என்ன சொன்னா? "நீங்களும் ஏலக்காய், நாங்களும் ஏலக்காய். அப்ப நாங்கள் சொந்தக்காரர்!"

அந்தச் சொந்தம்தான் ஒரு தொழிலானது. பச்சைப் போர்வை போர்த்த இளவரசிக் கேக், நடுவில் ஈரமாய் ஒட்டுகிற சொக்கலேட் கேக், வாதுமைப் பசையும் கிறீமும் வைத்த பணிஸ், எல்லாம் பொலிதேயாமாப் பக்கத்துக் கோப்பிக் கடைகளுக்குப் போகத் தொடங்கினது. ஒரு கடைக்காரர் பச்சைக் கேக்கைப் பார்த்துவிட்டு, "எங்கட சிசிலிக் கஸ்ஸாத்தாக் கேக்குக்குக் குளிர் பிடிச்சிட்டுதோ?" என்று நக்கலடித்தார். அக்கா விட்டாவா? "குளிர் இல்லை, மரியாதை. அதுதான் போர்த்திக்கொண்டு வந்திருக்குது" என்றா. அவர் அன்றைக்கே வாங்கினார்.

என்னையும் இழுத்தா. வேலை போய் நின்ற எங்கட மொரீசியஸ் தங்கச்சி ஜினெட்டையும் இழுத்தா. சுவீடனில் ஒரு பிஸ்கற்றுக்குக் கனவு என்று பேர். அதுக்கு ஒரு வெள்ளை உப்புப் போடவேணும். அடுப்பில் ஏறினவுடன் வருகிற நாற்றம் இருக்கே, ஐயோ! நான் கேட்டேன்: "அக்கா, கனவு எண்டு பேரை வைச்சுப்போட்டு கக்கூஸ் கழுவுற மணம் வருதே, இதை மனுசர் தின்னுவினமோ?" "வாயை மூடடி, ஆறட்டும். ஆறாத பண்டத்தையும் ஆறாத ஆளையும் நம்பிக் கதைக்கக் கூடாது" என்றா. ஆறினாப் பிறகு நாற்றமும் இல்லை, தட்டில் பிஸ்கற்றும் இல்லை. முழுக்க ஜினெட் முடித்துவிட்டாள். சிரிக்காதே ஜினெட், நீதான்!

பெர்மெஸ்ஸோ விசாப் புதுப்பிக்கக் கெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் விடியமுதல் வரிசையில் நின்ற ஆட்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கூடையோடு வந்து சூடான பணிஸ் தந்தது ஆர்? கூலி கேட்டாவா? பேர் கேட்டாவா? எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்டாவா? சியாகுல்லித் தோட்டத்தில் பழம் பிடுங்குகிற பொடியன்கள் மாசிக்குப் பிறகும் மந்தறீன் தோடம்பழம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தத் தோலைச் சீவிக் கேக்குக்குள் போட்டு, முதல் துண்டைத் திரும்ப அவர்களுக்கே கொடுத்தா. அப்படிப்பட்ட மனுசி பஸ்ஸுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தா என்றால், நாங்கள் ஆரிடம் போய் நியாயம் கேட்கிறது!

சரி. இனித்தான் நான் மேடை ஏறின விசயம்.

முன்னுக்குப் பேசினவர்கள் பேசிக்கொண்டு இருக்கேக்க நான் சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். காதுக்குள் இத்தாலியனில் கேட்டேன், துக்கத்துக்கு இனிப்பு ஏன் கொண்டு வந்தியள் என்று. அவ திகைத்துப்போனா. சொன்னா, "சிஞ்ஞோர் மகேந்திராதானே ரெலிபோனில் சொன்னார்!"

இருங்கோ அண்ணை, எழும்பாதேங்கோ. நான் பொய் சொல்லவில்லை. அவவும் சொல்லவில்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன், சபைக்கு முன்னால் சொல்லுங்கோ. ரெலிபோனில் என்ன சொல்லிக் கூப்பிட்டியள்? துக்க நாள், வாங்கோ என்று. ஓம். அதை இத்தாலியனில் எப்படிச் சொன்னியள்? சத்தமாய்.

"தொமேனிக்கா, ஜோர்னோ தி தொல்ச்சி" என்கிறார் அண்ணை.

பின்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்காதேங்கோ பிள்ளைகள், உங்களை மாதிரி அவர் இஞ்சை பள்ளிக்கூடம் போனவரில்லை. துசானி, நீ சொல்லு அம்மா. அப்பாவுக்கு நீயே சொல்லு.

கேட்டீர்களா சபையோரே? துக்கம் என்றால் தொலோறெ. தொல்ச்சி என்றால் இனிப்பு! ஞாயிற்றுக்கிழமை இனிப்பு நாள், வாங்கோ என்று எங்கட அண்ணை கூப்பிட்டிருக்கிறார். அவவின் நாட்டிலே செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கோப்பியும் பலகாரமும் வைக்கிறது வழக்கமாம். இவர்களும் எங்களைப் போலத்தான் என்று நினைத்து, எல்லாம் தன் கையால் செய்திருக்கிறா. நாங்கள் எல்லோருமாய்ச் சேர்ந்து அவவை ஒரு கொலைகாரி மாதிரிப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்!

வெட்கப்படாதேங்கோ அண்ணை. உங்கட மனுசி இதைவிடப் பெரிய ஆள். வேலைக்குப் போன தொடக்கத்தில் சிஞ்ஞோரா கேக்குக்கு வைக்கப் பெஸ்கெ வாங்கிவரச் சொன்னா. பெஸ்கெ என்றால் பீச் பழம். அக்காவின் காதில் விழுந்தது பெஷ்ஷெ. மீன்! பல்லரோவுக்குப் போய் பேரம் பேசி, ஒரு பை சாளை மீனோடு வந்து நின்றா. விருந்தாளிகள் மேசையில், கேக் அடுப்பில், மீன் கையில்! சிஞ்ஞோரா என்ன செய்தா? ஏசினாவா? வாசலைக் காட்டினாவா? அந்தச் சாளையைப் பொரித்து, விருந்தாளிகளோடு அக்காவையும் இருத்தி, தானும் தின்றா. ஒரு சொல்லு மாறினதுக்கு அந்த மனுசி அன்றைக்கு எங்கட பிள்ளையை வெளியே அனுப்பவில்லை. இன்றைக்கு ஒரு சொல்லு மாறினதுக்கு நாங்கள் அவவை வெளியே அனுப்பப் போகிறோமா? துசானியின் தொழிலையும் பெட்டியோடு கட்டி அனுப்பப் போகிறோமா?

செத்த வீட்டுத் துடக்கு இன்னும் கழியவில்லை, வாயில் வைக்கக் கூடாது என்று தலைவர் சொல்லுறார். சரி, நான் தின்னச் சொன்னேனா? எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குச் செத்தவருக்கு விருப்பமானதைப் படைக்கிறோமா இல்லையா? நாகபூசணி அக்காவுக்கு விருப்பம் என்ன? இதுதானே! அவவுக்கு வைப்போம். அதுக்குள்ளே முட்டை கிடக்குது என்று ஆரோ முணுமுணுக்கிறது கேட்குது. ஐயா, எங்கட தலைவரின் தகப்பனாருக்குச் சாராயமும் சுருட்டும் படைத்ததை நான் கண்ணால் கண்டேன். முட்டையா பெரிசு?

ஆனால் நான் திறக்க மாட்டேன். துசானியும் திறக்கக் கூடாது. அந்த நூலை அவிழ்க்கிற உரிமை ஒரு ஆளுக்குத்தான். மகேந்திரராசா அண்ணை, உங்களைத்தான் கேட்கிறேன். தூக்கி வெளியே வைக்கிறதென்றாலும் நீங்களே வையுங்கோ. அருளையா வேண்டாம்.

…எழும்பிவிட்டார்.

அருளையா, விலகி நில். ஒருவரும் ஒன்றும் சொல்லாதேங்கோ.

மேல் பெட்டியை எடுத்துவிட்டார். அண்ணை, வாசல் அந்தப் பக்கம். படம் இந்தப் பக்கம். நான் இனி வாய் திறக்க மாட்டேன்.

சபையோரே, பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். பெட்டியோடு சிஞ்ஞோராவுக்கு முன்னால் போய் நிற்கிறார். அவவின் மடியில் வைக்கிறார். "லெயி. லெயி மெத்தா" என்கிறார். நீங்களே வையுங்கோ என்கிறார்! துசானி, கையைக் கொடு, அந்த மனுசியால் எழும்ப முடியவில்லை. ஓம், பிடி. இரண்டு பேருமாய்ப் போங்கோ, படத்துக்கு முன்னால் வையுங்கோ.

எங்கள் தலைவி நாகபூசணியே! உன் பேரைச் சொல்லி இந்தச் சபைக்கு முன்னால் வாக்குக் கொடுக்கிறோம். நாளைக்குக் காலமை குசினி திறக்கும். துசானி முதலாளி, நானும் ஜினெட்டும் அவளுக்குக் கீழே. ஏலக்காயை இடித்துத்தான் போடுவோம், தூள் வாங்க மாட்டோம். கெஸ்தூரா வரிசைக்குக் கூடை போகும். சிஞ்ஞோராவின் தாய் சொன்ன அளவும் மாறாது, நீ சொன்ன அளவும் மாறாது. துசானி, பிழை விட்டால் உன் அம்மா மாதிரி என்னை ஏசு பிள்ளை. ஏச ஆளில்லாமல் எனக்கு வேலை ஓடாது.