அஞ்சு நிமிஷ சராசரி

ஆலங்குடி பஸ்ஸில், இரண்டு பேர் சீட்டில் நானும் என் பையும் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற, இன்டர்நெட் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணிடம் அவள் மதினி சொன்னாள்:

“நாளைக்குக் கடைசி இன்டர்வியூ. போன தடவை பேரைச் சொல்றதுக்குள்ள நெட்டு நின்னுருச்சு. ஒங்க ஆபீஸ்ல கேட்டா லைன் நல்லாருக்குங்குறாங்க.”

“நான்தான் சொன்னேன் மதினி. ஆபீஸ்ல நெட்டைப் பிரிச்சு விடுற சுவிட்ச்சுல பாத்தேன், ஒங்க தெரு லைன்ல பாதிதான் ஓடுது, மீதி காலி.”

“எத்தனை நேரத்துக் கணக்கு?”

“அஞ்சு நிமிஷ சராசரி.”

“அடியே, காலையிலேருந்து சராசரி போட்டா இந்தப் பஸ்ஸுலயும் பாதி சீட்டு காலிதான். நாம எதுக்குத் தொங்குறோம்?”

ஆபீஸ் பெண் உடனே ஆபீஸுக்குப் போன் போட்டாள். “முப்பது செகண்டு கணக்குல பாருங்க… அடிக்கடி லைன் நெறஞ்சு முட்டுதா? அப்ப இன்னைக்கே அந்தத் தெருவைப் பெரிய லைனுக்கு மாத்துங்க.”

மதினி நிம்மதியாக மூச்சு விட்டாள். நான் கண்ணைத் திறக்காமலே பையை மடிக்கு மாற்றினேன்.