மூணாவது மாடிப் பலூன்

தங்கை: நேரா நில்லுக்கா. நுனிக்கால்ல நின்னு பார்த்தா செல்லாது.

அக்கா: யாரு நின்னா? என் உயரமே இவ்வளவுதான்.

தங்கை: குதிகால் தரையில படட்டும்... ம். இப்ப மேலே பாரு. நம்ம மனையில சிவப்பா ஒரு பலூன் பறக்குதா? கயிறு அளந்து கட்டியிருக்கேன். நீ கட்டப்போற விடுதியோட மூணாவது மாடிக் கூரை அந்த உயரம்தான்.

அக்கா: அடடா... எவ்வளவு அடக்கமா நிக்குது. எறும்பு தும்முற அளவுதான்.

தங்கை: பின்னாடி மணிக்கூண்டுல கடிகாரத்தைக் காணோமே?

அக்கா: பனிடி.

தங்கை: வெயில் மண்டையைப் பிளக்குது.

அக்கா: ரிடையரான அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மூணு மாடி. மொட்டை மாடியில நிக்கிறவன் மேகத்தை வழிச்சு முகம் கழுவுவான். வரிசை அடிவாரம் வரைக்கும் நிக்கும்.

தங்கை: அந்தப் பழைய மணிக்கூண்டைப் பார்க்கத்தான் இந்த மலைக்கே ஆள் வருது. அதை மறைச்சா வரிசையில நீயும் நானும்தான். பேசி வச்சது ஞாபகம் இருக்கா?

அக்கா: இல்லாம என்ன... இந்த மலைப்பாதை வளைவுல நின்னு பார்க்கணும். பலூன் கடிகாரத்தை மறைச்சா உன் வரைபடம். இல்லேன்னா என் மூணு மாடி.

தங்கை: என் வரைபடத்துல மலையை வெட்டவே வேண்டாம். சரிவோட படி மாதிரி இறங்குற அறைங்க. மணிக்கூண்டு கட்டின அதே கல்லு, மேலே ஓட்டுக்கூரை.

அக்கா: வந்தவனைப் படிக்கட்டுல படுக்க வைக்கிறேங்கிறே.

தங்கை: பேச்சை மாத்தாதே. மறைக்குதா இல்லையா?

அக்கா: மறைக்க வழியே இல்லையே...

தங்கை: எப்படி அடிச்சுச் சொல்றே?

அக்கா: அடிச்சா சொன்னேன்? சும்மா சொன்னேன்.

தங்கை: அக்கா.

அக்கா: காலையில சும்மா நடந்து போனேன்... பலூன் கட்டின முளையில ஓர் ஆள் உயரக் கயித்தைச் சுத்தி, பலூனை இறக்கிட்டு வந்துட்டேன். அப்படியும் மறைக்குதே, அதான் எனக்கு விளங்கல.

தங்கை: க்கும்... ஹி ஹி.

அக்கா: ஏண்டி வாயைப் பொத்திக்கிறே?

தங்கை: நீ சுத்துவேன்னு தெரியும்க்கா. அதான் அளக்கும்போதே ஓர் ஆள் உயரம் கூட விட்டேன்... இப்ப பறக்குறது அசல் மூணு மாடி. படிக்கட்டுல படுக்கத் தயாராகு.