மாமனார் பேர்

ஆவூர் மாதா கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான ஒரு புருஷனும் பெண்சாதியும்.

"செத்த மகனுக்குப் பூசைன்னா சாமியாரு பேரு கேப்பாரே. நம்ம மகன் பேரு என்ன புள்ள?" என்றார் அவர்.

என் சம்சாரத்தின் பெயரை மனசுக்குள் அவசரமாகச் சொல்லிப் பார்த்தேன், வந்தது. கல்யாணமான வருஷம்தான் வரவில்லை. பரவாயில்லை, அது அவளுக்குத் தெரியும்.

"ஒங்க அப்பா பேரைத்தானே வச்சோம். மாமனார் பேரை நான் எப்புடிச் சொல்லுவேன்? கடைசிவரைக்கும் அவனை ராசான்னுதானே கூப்பிட்டேன்."

"அப்பா பேரும் வரலையே."

"செவலை மாட்டை அவன் அவுத்துவிட்டப்ப வரப்புல நின்னு கத்துனீங்களே, என்ன பேரு சொல்லிக் கத்துனீங்க?"

"மாடு தெரியுது. ஒரு கொம்பு மடங்கியிருக்கும்."

"எந்தக் கொம்பு?"

"எடது."

"பாருங்க, அது எனக்கு மறந்துபோச்சு."

கோயில் கோபுரம் தெரிந்தது. அந்த அம்மாள், "மாதாவே, பொறுத்துக்க" என்று முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, அவர் காதில் அந்தப் பேரைச் சொன்னார்.

அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"யாரு புள்ள அது?"