ஐஸ் ரூம்

– கதவைத் திறங்க. வாரம் பூரா உத்தமர். சனிக்கிழமை ஆனா மொத்த வாரத்தையும் சேர்த்துக் குடிக்கறது, ஞாயித்துக்கிழமை பாத்ரூமே கதின்னு கிடக்கறது.

– யாரைத் திட்டற? நான் இங்க ஹால்லதானே படுத்திருக்கேன்.

– அப்ப உள்ள யாரு?

– உன் தம்பி.

– அவனா? இருமல் மருந்து குடிச்சாலே அவனுக்குக் குமட்டுமே.

– நேத்து குமட்டல. நீ தூங்கின பிறகு தோள்ல போட்டுத்தான் கொண்டாந்தேன்.

– பாவி மனுஷா. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகல. அவனையுமா கூட்டுச் சேர்த்தீங்க?

– நான் கூப்பிடல. மீன் கிடங்குக்குப் பின்னாடி நானும் வேலை செய்யற பசங்களும் பெட்டியைக் கவுத்துப்போட்டுக் குடிக்க உட்கார்ந்தோம். அவனா வந்தான்.

– உங்ககூட உட்காராதவனை வாரம் பூரா ஐஸ் ரூம்ல போட்டு வதைப்பீங்க. அப்புறம் அவனா வந்தான்னு கதை அளப்பீங்க.

– அந்த வழக்கத்தை நானா கொண்டாந்தேன்? பழைய மேஸ்திரி செஞ்சது. ரெண்டு வருஷம் ஐஸ் ரூம்ல மீன் பெட்டி தூக்கி என் விரல் மரத்துக் கிடந்துச்சே, அப்ப எனக்குச் சட்டை பட்டன் போட்டுவிட்டது யாரு?

– நான்தான்.

– "போய் உட்காருங்க, கிளாஸைக் கையில மட்டும் வெச்சுக்கங்க, குடிக்கவா சொல்றேன்"னு அனுப்பி வெச்சது யாரு?

– அப்ப வேற வழி இல்ல. இப்ப நீங்கதான் மேஸ்திரி. அந்தக் கருமத்தைத் தலைமுழுக வேண்டியதுதானே?

– தலைமுழுகினா எவன் என் பேச்சைக் கேட்பான்? ஊர்விட்டு ஊர் வந்து, அஞ்சு பேரு ஒரே ரூம்ல படுக்கற பசங்க. பேச்சுத்துணைக்கு ஒரு நாதி இல்ல. அவனுங்களுக்குன்னு இருக்கறது அந்தச் சனிக்கிழமை ஒண்ணுதான்.

– உங்களுக்குத்தான் பொண்டாட்டி இருக்காளே.

– அதான் விடியறதுக்குள்ள வந்துடறேன்.

– வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. தம்பியை வெளிய லாரி பக்கம் போடுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்?

– மச்சினனுக்கு மட்டும் சலுகையான்னு கேட்பாங்க. ஐஸ் ரூம்லதான் போட முடிஞ்சுது. புதன்கிழமை அவன் விரலை நீயும்தான் பார்த்த. பார்த்துட்டு என்ன செஞ்ச?

– வெந்நீர் வெச்சுக் குடுத்தேன்.

– அவ்வளவுதானா?

– வேற என்ன செய்வாங்க?

– இரு, அவனையே கேக்கறேன். டேய் மாப்ள, உன்னை நேத்து அங்க யாருடா வரச்சொன்னது?

– அவனை ஏன் இப்ப கேக்கறீங்க? பாவம், முடியாம கிடக்கான். நீங்க போய்ப் படுங்க.

– காதுல விழுதாடா? யாரு சொன்னது?

– அக்காவைத் திட்டாதீங்க மாமா. அக்கா கிளாஸைக் கையில வெச்சுக்க மட்டும்தான் சொன்னுச்சு.