மலையின் பெயரில்

எங்கள் பரோலோ ஒயினை அவசரக்காரர்கள் குடிக்கக் கூடாது, ஐயா. இளசாக இருக்கும்போது நாக்கைப் பிடித்து இழுக்கும். பீப்பாயில் சில வருஷம், புட்டியில் ஒரு பத்து வருஷம் பொறுத்தால், வாடிய ரோஜாவும் தாரும் கலந்த ஒரு மணம் வரும். அதற்காகத்தான் உலகத்தின் மறுகோடியிலிருந்து எங்கள் மேட்டுக்கு ஆள் வருகிறது.

வருகிறவர்களிடம் பேசுவது என் தங்கை கணவன் எர்மானோவின் வேலை. கொடியைப் பார்ப்பது என் வேலை. முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவர்தான் செகோந்தோ, என் மச்சான். ஒவ்வொரு கொடியும் இவருக்குப் பிள்ளை மாதிரி. எங்க புட்டியில இந்த மண்ணத் தவிர வேற எதுவும் கிடையாது" என்பான். வந்தவர்கள் என் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், பிடித்தும் இருக்கும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

போன வருஷம் அக்டோபரில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்தேன். முற்றத்தில் தெற்கத்தி லாரி ஒன்று நின்றது. எங்கள் தொட்டிக்குள் வேற்றூர்த் திராட்சை இறங்கிக்கொண்டிருந்தது. எர்மானோ மறைக்கக்கூட இல்லை.

"பத்து வருஷமா வருது மச்சான். அந்த நேரம் நீ மேட்டுல இருப்பே" என்றான். "அவங்க குடிக்கிறது திராட்சைய இல்ல, மலையோட பேர. உன் கையையும் சேத்துத்தான் விக்கிறேன். மூஞ்சியத் தூக்காத. வா, சாப்பிடலாம்."

போனேன். தங்கை டெல்ஃபினா முயல்கறி வைத்திருந்தாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தொட்டியிலிருந்து ஒயினை வடித்தோம். அடியில் தங்கும் சக்கையை ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். நொதித்த திராட்சை விடுகிற காற்று கனமானது, கண்ணுக்குத் தெரியாது, உள்ளேயே தேங்கி நின்று மூச்சை அடைக்கும். அதனால் முதலில் ஒரு மணி நேரம் காற்றாடி ஓட வேண்டும். அதை ஓட்டுவது எப்போதும் நான்தான்.

"காத்தாடி ஓடிச்சா மச்சான்?" என்று ஏணியில் கால் வைத்தபடி கேட்டான்.

"ஓடிச்சு" என்றேன்.

என் சொல்லை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. உள்ளேயிருந்து ஒரு முறை "மச்சான்" என்று கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை. கூடைகளைக் கழுவி அடுக்கிவிட்டுத்தான் டெல்ஃபினாவுக்குக் குரல் கொடுத்தேன். அவள் ஏணியில் பாய்ந்தாள். இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். அன்று ஓர் உயிரைக் காப்பாற்றினேன் என்று ஊரே சொல்கிறது. அது பொய்யில்லை.

"அன்னிக்குக் காலையிலேருந்து இங்கதான் துணி காயப்போட்டேன். காத்தாடிச் சத்தமே கேக்கலையே, அண்ணா" என்று ஒரு வருஷம் கழித்துப் போன வாரம்தான் கேட்டாள். அதைத்தான் உங்கள் ஸ்டேஷனிலும் வந்து சொல்லியிருக்கிறாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நான் அதை ஓட்டவில்லை. அவன் செத்துப்போவான் என்று தெரிந்துதான் ஓட்டவில்லை.

கோபத்தில் செய்ததல்ல, ஐயா. அந்த மேட்டின் பெயரைக் காப்பாற்ற யாராவது ஒருவர் வேண்டும். இப்போது வருகிறவர்களிடம் நானே பேசுகிறேன். இந்த வருஷம் ஆலங்கட்டி மழையில் பாதிக் குலை போயிற்று. லாரிக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன். ஆனால் அது வேறு.