தேங்காயெண்ணெய் போட்ட துப்பாக்கி

டெக்சாஸ் இர்விங்கில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு தமிழர்கள் போனில் ஒரு துப்பாக்கியின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வேட்டை பழகியவன், மற்றவன் புதிதாகத் துப்பாக்கி வாங்கியவன் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“குண்டைத் தள்ளி அடைக்கற போல்ட்டுக்கு எவனாவது தேங்காயெண்ணெய் போடுவானாடா?”

“வீட்ல கதவுக் கீலுக்கு அதானே போடுவோம்.”

“குளிர்ல உறைஞ்சிருக்குமே.”

“ஆமா, நகரல. சுத்தியால நல்லா தட்டினேன். இப்ப ஸ்மூத்தா போகுது.”

“குண்டு வெடிக்கிறப்ப போல்ட்டைப் புடிச்சு நிறுத்தறது முனையில இருக்கற இந்தக் காதுதான். அதுல கோடு தெரியுது பாரு. விரிசல்.”

“வெறும் கீறல்டா.”

“சுத்தமா துடைச்சிருக்கே, அப்பவும் கோட்டுல மட்டும் எண்ணெய் கசிஞ்சு நிக்குது பாரு. கீறல் கசியாது. இதை வச்சு சுட்டா போல்ட் பின்னாடி பறந்து மூஞ்சியில ஏறும்.”

வாங்கியவன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“மேனேஜர் மான் வேட்டைக்குக் கேட்டாருன்னு காலைலதான் குடுத்தேன்.”

“போன் பண்ணு.”

“சுத்தியால அடிச்சது தெரிஞ்சா கோச்சுப்பாருடா. கிரீன் கார்டுக்கு அவர்தான் கையெழுத்து போடணும்.”

“கையெழுத்து போட அவருக்குக் கண்ணு வேணும்ல?”

ரயில் வந்தது. கதவு மூடும்போது அந்த முட்டாள் பிளாட்பாரத்திலேயே நின்று, யாரும் எடுக்காத போனுக்கு மறுபடியும் மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தான்.